கொம்பையாவுக்குப் பொன் பூசிய கதை

அந்தக் காலத்தில் ஆடு பேசும், காகம் பேசும், ஆட்டுத் தோலில் வெட்டி எடுத்த பாவையும் பேசும். பேச்சு எல்லாருக்கும் பொதுவாக இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சினிமாக் கொட்டகை கிடையாது, டிவிப் பெட்டி கிடையாது. இரண்டு கம்பு நட்டு, நடுவில் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, அதற்குப் பின்னால் எண்ணெய் விளக்கை ஏற்றித் தோல்பாவைகளை ஆட்டிக் காட்டுவார்கள். தோலுக்குள் புகுந்த வெளிச்சம் வேட்டியில் போய் ஆளாக நிற்கும், நடக்கும், சண்டை போடும். அதுதான் அன்றைய படம்.

அப்படிப் படம் காட்டி ஊர் ஊராகப் போனவர்கள் வெயிலுகந்தானும் அவன் பெண்டாட்டி ஆவுடையும். அவன் பாவையை ஆட்டுவான், அவள் பாவையை வெட்டுவாள். அவன் வாய் ஓயாது, அவள் கை ஓயாது. அவர்களோடு ஒரு வெள்ளாடும் அதன் குட்டியும் கூடவே நடந்தன. ஆடு கிழடாகி, ஒரு மதியம் வேப்பமரத்தடியில் படுத்தது, பிறகு எழுந்திருக்கவில்லை. ஆவுடை குட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஒன் ஆத்தா தோல எடுத்துக்கிடட்டுமா?"

குட்டி ஆத்தாவை ஒரு தடவை மோந்து பார்த்தது. "எடுத்துக்கோங்க. ஆனா எங்கண்ணுல படுத மாதிரி வச்சுக்கிடணும்," என்றது.

அந்தத் தோலில் ஆவுடை வெட்டிய ஆள்தான் கொம்பையா. தலைப்பாகை, முறுக்கு மீசை, அகன்ற மார்பு. திரையில் வந்து நின்றான் என்றால் தோல் வழியாக வெளிச்சம் இறங்கி, மாம்பழ நிறத்தில் தகதகவென்று இருப்பான். வலது முழங்காலில் மட்டும் ஆவுடை போட்ட முடிச்சு கொஞ்சம் தளர்ந்துபோயிற்று. நடக்கும்போது அந்தக் கால் லேசாக வெளிப்பக்கம் வீசிக்கொண்டு போகும். அதை இறுக்கிக் கட்டலாம் என்று அவள் ஊசியை எடுத்தாள். "இருக்கட்டும், நடையில ஒரு எடுப்பு இருக்குல்லா," என்று வெயிலுகந்தான் தடுத்துவிட்டான்.

குட்டி மட்டும் அந்த மீசைக்காரனை "ஆத்தா" என்றுதான் கூப்பிட்டது.

"ஏ, நாலு பேரு பாக்க அப்படிக் கூப்பிடாத. நான் வீரன்," என்று கொம்பையா கெஞ்சிப் பார்த்தான்.

"மோந்து பாத்தா ஆத்தா வாசந்தான அடிக்கி. பின்ன எப்படிக் கூப்பிட?"

கொம்பையா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கொம்பையாவுக்கு எதிரி வேண்டுமே. அதற்கு ஒரு பண்ணையார் பாவை இருந்தது. அது எருமைத் தோல். விளக்கையே பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாலும் உள்ளே வெளிச்சம் நுழையாது. திரையில் பண்ணையார் கன்னங்கரேலென்று வருவார். வந்ததுமே பிள்ளைகள் மண்ணை அள்ளி எறியும். கதை எந்த ஊரிலும் ஒன்றுதான். பண்ணையார் ஊரை அடித்து உலையில் போடுவார். கொம்பையா அவரை அடித்து விரட்டுவான். களஞ்சியத்துக்குக் கீழே பொற்காசுக் குடம் இருக்கும். அதைத் தோண்டி எடுத்து எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையைத் தட்டிக்கொண்டு, "எனக்கு என்னத்துக்கு? நீங்க சிரிச்சாப் போதும்," என்று சொல்லி நடந்து போவான். சனம் அழுதுகொண்டே சிரிக்கும்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று சனத்துக்குத் தெரியாது. விளக்கை அணைப்பார்கள். கொம்பையாவைப் பெட்டியில் படுக்க வைப்பார்கள். அவன் நெஞ்சின் மேல் எருமைத்தோல் பண்ணையாரைப் போடுவார்கள். மூடியை மூடுவார்கள்.

பெட்டிக்குள் கிடந்து கொம்பையா வெளியே எழுகிற சத்தங்களைக் கேட்பான். செருப்புச் சத்தம், தூங்கும் பிள்ளையைத் தோளில் போடும் சத்தம், தூரத்தில் ஏதோ ஒரு கதவு திறக்கும் சத்தம். "வந்துட்டியளா, கஞ்சி ஆறுது" என்று யாரோ யாரையோ கேட்கும் குரல். அவனுக்கு நெஞ்சு அடைக்கும். பண்ணையார் மேலே கிடப்பதால் அல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள், தான் மட்டும் பெட்டிக்குப் போகிறோமே என்று. ஒரு வீடு, அதற்கு ஒரு கதவு, வந்துட்டியா என்று கேட்க ஒரு வாய். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு கோடையில் அவர்கள் கடலோரத்து உப்பள ஊர் ஒன்றுக்கு வந்தார்கள். பகலெல்லாம் உப்பு வாரிக் கையும் காலும் வெடித்துக் கிடக்கிற சனம். பொழுது சாய்ந்ததும் குளித்துவிட்டு, திரைக்கு முன்னால் மணலில் வந்து உட்கார்ந்துவிடும். முன்வரிசையில் எப்போதும் ஒரே இடத்தில் உட்காருவாள் சடச்சி. மற்றவர்கள் பண்ணையார் அடிவாங்கும்போது கைதட்டுவார்கள். அவள் தட்டமாட்டாள். கொம்பையா நடக்கும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவாள். அவன் நின்றுவிட்டால் தலையைக் குனிந்துகொள்வாள்.

அவள் புருஷன் மாசானம் உப்பு ஏற்றிக்கொண்டு தோணியில் அக்கரைக்குப் போனவன். தோணியும் வரவில்லை, ஆளும் வரவில்லை, செத்தான் என்ற சேதியும் வரவில்லை. சிறு வயதில் கிளிஞ்சல் குத்தி அவனுக்கு வலது கால் லேசாக வெளிப்பக்கம் வீசும். முகம்கூட அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்தது. நடை மறக்கவில்லை. அந்த நடை தினமும் பொழுது சாய்ந்ததும் வேட்டித் திரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று பயம்.

ஒரு நாள் கதை முடிகிற இடம். பொற்குடம் காலியாயிற்று. கொம்பையா கையைத் தட்டிவிட்டு வழக்கமான பேச்சைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. திரையின் நடுவில் அப்படியே நின்றான். வெயிலுகந்தான் கம்பைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறான், ஆள் நகரவில்லை.

"எனக்கு ஒரு வீடு வேணும்," என்றான் கொம்பையா.

மணலில் சாய்ந்து கிடந்தவர்களும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"எல்லாருக்கும் குடுக்கேன். எல்லாரும் வீட்டுக்குப் போறிய. நான் பெட்டிக்குள்ள போறேன். அங்க இருட்டு. மேல அந்தப் பண்ணையாரு வேற."

உப்பள சனத்துக்கு இரக்கம் வந்துவிட்டால் பிறகு அணை போட முடியாது. "அடப்பாவி, இத்தன நாளும் சொல்லலையே!" என்று ஒரு கிழவர் அழுதேவிட்டார். மறுநாளே ஊர் கூடியது. ஓலை வீடு கட்டுவது பெரிய காரியமில்லை. ஆனால் ஊர்த் தட்டார் ஆசாரி ஒருவர், எதையும் நான்கு பக்கமும் யோசிக்கிறவர், எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

"வீடு கட்டுவோம், சரி. நாளைக்குக் கூத்துக்காரரு அடுத்த ஊருக்குப் போகையில பெட்டியில எடுத்துப் போட்டுட்டுப் போயிருவாரு. வெறும் ஆட்டுத் தோல எவன் வீட்டுல வச்சுப் பூட்டுவான்? நாம எத வீட்டுல வச்சுப் பூட்டுதோம்?"

"தங்கத்த," என்றது சனம்.

"அப்ப அவனத் தங்கமாக்கணும்."

கேட்டவுடன் எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. தப்பான யோசனைக்கு எப்போதும் அந்த முகவெட்டு உண்டு. ஒருத்தி கம்மலைக் கழற்றினாள், ஒருவன் மோதிரத்தைக் கழற்றினான், குழந்தையின் அரைஞாணில் கிடந்த ஒரு குண்டுமணிப் பொன்னும் வந்தது. சடச்சியிடம் இருந்தது மாசானம் போட்ட மூக்குத்தி ஒன்றுதான். அவள் தயங்கவில்லை. அந்த நடைக்கு ஒரு வீடு என்றால் அவளுக்கு அது மாசானம் வீடு திரும்பிய மாதிரி. கழற்றிக் கொடுத்துவிட்டு, மூக்கில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டாள்.

ஆசாரி எல்லாவற்றையும் உருக்கித் தட்டி, காகிதத்தைவிட மெல்லிய பொன் ரேக்காக்கினார். ஆவுடைக்கு மட்டும் மனது சரியில்லை. "தோலு மூச்சு முட்டுமே," என்றாள். கல்யாண வீட்டுச் சந்தடியில் கிழவி இருமல் மாதிரி அவள் பேச்சு எடுபடவில்லை. கொம்பையாவே, "நீ சும்மா இரு, ஆவுட. எனக்கு ஒரு நல்லது நடக்கட்டும்," என்று சொல்லிவிட்டான். வேப்பம்பிசினைத் தடவி, பொன் கொடுத்த ஒவ்வொருவரும் தன் விரலாலேயே ஒரு துண்டு ரேக்கை ஒட்டினார்கள். உப்பேறிக் காய்த்துப்போன விரல்கள். சடச்சி வலது முழங்காலில் ஒட்டினாள்.

வேலை முடிந்ததும் குட்டி வந்து மோந்து பார்த்தது. இந்நேரம் அது நன்றாக வளர்ந்து கொம்பு முளைத்திருந்தது. திரும்பத் திரும்ப மோந்தது. பிறகு ஆத்தா என்று கூப்பிடாமலே போய்த் தூரத்தில் படுத்துக்கொண்டது.

அன்று கூத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். பொன் நாயகனைப் பார்க்க வேண்டுமே. விளக்கு ஏற்றினார்கள். மத்தளம் அதிர்ந்தது. வெயிலுகந்தான் பெருமையோடு கொம்பையாவைத் திரையில் ஏற்றினான்.

திரையில் வந்தது ஒரு கறுப்பு.

பொன்னில் வெளிச்சம் நுழையுமா? மீசை இல்லை, கண் இல்லை, தலைப்பாகையின் மடிப்பு இல்லை. பிசின் காய்ந்து மூட்டெல்லாம் விறைத்துப்போனதால் நடையும் இல்லை. கதவு நகர்கிற மாதிரி நகர்ந்தது. பிள்ளைகள் "பண்ணையாரு! பண்ணையாரு!" என்று கத்திக்கொண்டு மண்ணை வாரி எறிந்தன.

"ஏ பிள்ளைகளா, நாந்தாம்ல கொம்பையா!"

"பொய்! பொய்!"

அவனுக்கும் அவர்களைத் தெரியவில்லை. இத்தனை நாளும் விளக்கு அவன் வழியாகப் போய்ச் சனத்தின் முகத்தில் விழும். அந்த வெளிச்சத்தில்தான் அவன் முகங்களைப் பார்ப்பான். இப்போது முன்னாலும் இருட்டு. முன்வரிசையில் ஒருத்தி எழுந்து போகிற காலடி மட்டும் கேட்டது. சடச்சி கூத்தின் பாதியில் எழுந்துபோனது அதுதான் முதல் தடவை.

கூத்து அரைகுறையாக நின்றது. பொன்னை வெளியில் வைக்கலாமா? கொம்பையாவைப் பத்திரமாகக் கொண்டுபோய் அவனுடைய புது வீட்டில் வைத்தார்கள். ஓலைச் சுவர், பனங்கதவு. உப்பளத்து முதலாளி தன் செலவில் ஒரு பூட்டு அனுப்பியிருந்தார்.

கேட்டது கிடைத்துவிட்டது. வீடு இருந்தது, கதவு இருந்தது. முதல் நாள் அவனுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. மேலே பண்ணையார் இல்லாமல் தூங்கினான். அப்புறம் சனம் வரத்தொடங்கியது. காலையில் ஒருவர், மதியம் ஒருவர். கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள்.

"தங்கம் பத்திரமா இருக்கா?" என்பார்கள்.

"இருக்கு," என்பார் காவலுக்கு உட்கார்ந்த ஆள்.

போய்விடுவார்கள். கொம்பையா எப்படி இருக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்துட்டியா என்று கேட்க அவன் எங்காவது போனால்தானே! அவன் பெட்டியில் கிடந்தபோது கூத்து எப்போது வரும் என்று ஏங்கலாம். இங்கே ஏங்கவும் எதுவும் இல்லை. திரையின் அந்த வெள்ளையை, தன் வழியாக இறங்கும் சூட்டை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்கிற நடையை நினைத்து நினைத்து அவன் உருகினான். பொன் உருகவில்லை.

ஒரு நாள் காலை காவல்காரர் கஞ்சி குடிக்கப் போயிருந்தார். யாரோ வந்து கதவில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கண்ணை இடுக்கில் வைக்கவில்லை. தங்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"நான் குடுத்திருக்கக் கூடாது," என்றது ஒரு பெண் குரல். "மூக்குத்தி போனதுக்குச் சொல்லல. நான்தான முழங்கால்ல ஒட்டுனேன். என் கையாலயே அவிய நடையப் பூட்டிட்டேன்."

"யாரு நடைய?" என்றான் கொம்பையா உள்ளேயிருந்து.

சடச்சி திடுக்கிட்டாள். பிறகு, மனிதரிடம் சொல்லமுடியாததைப் பாவையிடம் சொல்வதில் என்ன வெட்கம் என்று, கிளிஞ்சலில் தொடங்கித் தோணி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் அவரு மாதிரியா நடந்தேன்?"

"மாதிரி இல்லய்யா. அதே நட. நீ நடக்கையில நான் ஒன்னப் பாக்கவே இல்ல. கோவிச்சுக்கிடாத. ஒனக்குள்ள அவிய நடந்து போறத மட்டுந்தான் பாத்தேன்."

கொம்பையா கோபித்துக்கொள்ளவில்லை. தன்னைப் பார்க்க இவ்வளவு பேர் வருகிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஒருவரும் அவனைப் பார்க்க வரவில்லை. ஒவ்வொருவரும் தன் ஆள் ஒருவரை அவனுக்குள் நடக்கவிட்டுப் பார்க்க வந்தார்கள். தன்னிடம் ஒன்றும் இல்லாததால்தான் அவர்களுக்கு உள்ளே இடம் இருந்தது. இது தெரிந்தபோது அவனுக்கு வலித்தது. அதற்கு மேல், பெட்டிக்குள் கிடந்து கேட்ட அந்தக் கதவு திறக்கிற சத்தம் ஞாபகம் வந்தது. தங்கள் ஆளைத் தேடி அவர்கள் வந்து சேர்ந்த வீடே தான்தானோ என்று தோன்றியது.

"சடச்சி, அந்த ஆட்டைக் கூப்பிடு," என்றான்.

ஆடு வந்தது. பூட்டுக்கு ஆடு மரியாதை கொடுக்குமா? ஓலைச் சுவரைத் தின்று வழி செய்துகொண்டு உள்ளே நுழைந்தது.

"ஏய், எம்மேல இருக்கிறத நக்கி எடு."

"எடுத்தா இந்த வீட்டுல வைக்க மாட்டாவளே. திரும்பப் பெட்டிதான்."

"தெரியும்."

"பண்ணையாரு மேல கெடப்பாரே."

"தெரியும்ட்டி. நக்கு."

ஆடு நக்கியது. ஊரே விரலால் ஒட்டியதில் பிசினெல்லாம் உப்பு ஏறியிருந்தது. உப்பென்றால் ஆடு விடுமா? சொரசொரவென்ற நாக்கில் ரேக்கு கிளம்பிக் கிளம்பி வந்தது. கொம்பையா பல்லைக் கடித்துக்கொண்டான். வர்ணமும் கொஞ்சம் போயிற்று, மீசை முனை தேய்ந்தது, தோலே மெலிந்தது. சுவரின் ஓட்டை வழியாகக் கடற்காற்று புகுந்து ரேக்குத் துணுக்குகளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. உப்புக் குவியல்களின் மேல் இறைத்தது, அளத்துத் தண்ணீரில் இறைத்தது. யார் கையிலும் சிக்கவில்லை. முழங்காலுக்கு வந்ததும் ஆடு நிறுத்தி மோந்தது. "ஆத்தா," என்றது. அன்று கொம்பையா, "என்னட்டி," என்றான்.

ஊர் ஓடிவந்தது. ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார். "எம்பிள்ளைக்கு இருந்த ஒரு பொட்டுப் பொன்னும் போச்சே," என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வெயிலுகந்தான், அடி விழப் போகிறது என்று பெட்டியைத் தேடினான். அப்போது சடச்சி கொம்பையாவை நெஞ்சோடு தூக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். ஈர்க்குச்சி செருகிய மூக்கோடு நின்றாள்.

"போனது எனக்குந்தான் போச்சு. விளக்க ஏத்துங்க. பாத்துட்டு அடிங்க," என்றாள்.

பொழுது சாய்ந்ததும் விளக்கை ஏற்றினார்கள். தோல் மெலிந்திருந்ததால் வெளிச்சம் அவனுக்குள் முன்னைவிட நன்றாக இறங்கியது. திரையில் கொம்பையா வந்து நின்றான். தேய்ந்த மீசையோடு, பட்டையும் தழும்புமாக, மாம்பழ நிறத்தில். பிறகு நடந்தான். வலது கால் லேசாக வெளியே வீசியது. வைய வந்த சனம் ஒவ்வொன்றாக மணலில் உட்கார்ந்தது. கிழவர் ஒருவர் யாரையோ பார்த்தது போலக் கையைத் தூக்கிக் கும்பிட்டார். ஆசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை, புகை என்றார். சடச்சி அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தக் கோடி வரைக்கும் கண்ணாலேயே கூடப் போனாள்.

திரையின் ஓரத்துக்கு வந்ததும் கொம்பையா திரும்பினான்.

"இனிமே என் கைக்கு எது வந்தாலும் உங்களுக்குத்தான். எம்மேல ஒட்ட வைக்காதிய," என்றான். பிறகு, "வீடு வேணும்னு ஆச இருக்கு. அது போகல. ஆச மட்டும் எங்கிட்ட இருந்துட்டுப் போகட்டும்," என்றான்.

விளக்கை அணைத்தார்கள். பெட்டியில் வைக்கும்போது ஆவுடை எருமைத்தோல் பண்ணையாரை அடியில் போட்டு, கொம்பையாவை மேலே வைத்தாள். அவளால் முடிந்தது அது. வெளியே செருப்புச் சத்தமும் கதவுச் சத்தமும் கேட்டன. அடுத்த ஊருக்குப் போகிற வழியெல்லாம் ஆடு பெட்டியை ஒட்டியே நடந்தது.

அந்தக் கடற்கரையில் பொழுது இறங்கும் நேரம் உப்பளங்கள் பொன்னாக மின்னுவது ஆடு நக்கிப் பறந்த அந்த ரேக்குதான் என்பார்கள். நம்பாவிட்டால் போய்ப் பாருங்கள்.

அப்புறம் விளக்கு பெரிதாயிற்று. வேட்டி பெரிய திரையாயிற்று, கொட்டகை வந்தது, கடைசியில் எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நாயகன் பெயர் மாறியது, சட்டை மாறியது. ஆனால் அன்று முதல்தான், எந்தப் படத்திலும் நாயகன் எத்தனை பேரை அடித்து எத்தனை புதையலை மீட்டாலும், பணக்காரன் ஆகாமல் வெறுங்கையோடு நடந்து போகிறான். முன்வரிசையில் யாரோ ஒருத்தி, அவனைப் பார்க்காமல், அவனுக்குள் நடந்து போகிற தன் ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.